கோதுமையும் அங்கீகாரமும்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகளைக் கடந்து செல்கையில் பெருங்காயத்தின் நெடியும் நம்மை வந்தடைகிறது. நம் சாம்பாரில் சேரும் இப்பொருளின் மூலப்பிசின் பெரும்பகுதி ஆப்கானிஸ்தானத்து மலைச்சரிவுகளிலிருந்து வருவது. 2020-இல் இமாசலப் பிரதேசத்து லாஹூலில் அதன் நாற்றை நட்டுப் பார்க்கத் தொடங்கினர் என்பது வேறு கதை. உப்பும் உறைப்பும் கலந்த இவ்வுறவுடைய நாட்டைப் பற்றியே இன்று பேச முற்படுகிறோம்.

2021 ஆகஸ்டு 15-ஆம் நாள், நாம் சுதந்திர தினம் கொண்டாடிக் கொண்டிருந்தபோது, காபூல் நகரம் தாலிபான்களின் வசமாயிற்று. அயல்நாட்டுப் பொருளுதவி நின்றது, வங்கிகள் முடங்கின, அக்குளிர்காலத்தில் பசி பெருகிற்று. ஆயுத பலத்தால் ஆட்சியைப் பிடித்தோரை அங்கீகரியாத நமது அரசு, அவர்கள் ஆளும் மக்களுக்கு உணவு அனுப்பலாமா? அனுப்பினால் அது எவர் களஞ்சியத்தில் போய்ச் சேரும்?

அனுப்புவதென்றே அரசு முடிவு செய்தது. 50,000 டன் கோதுமை தருவதாக அறிவித்தது. பாகிஸ்தான் வழிவிடுவதற்கான பேச்சிலேயே சில மாதங்கள் கழிந்தன. 2022 பிப்ரவரி 22-இல்தான் முதல் லாரி வரிசை அட்டாரி எல்லையிலிருந்து புறப்பட்டது. தானியம் ஆட்சியாளர் கையில் தரப்படாமல், ஜலாலாபாத்தில் ஐக்கிய நாடுகளின் உலக உணவுத் திட்டத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 2023 மார்ச்சில், ஈரானின் சாபஹார் துறைமுகம் வழியே மேலும் 20,000 டன் அனுப்புவதாக அறிவித்தனர். காபூலிலுள்ள இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனைக்கு மருந்துகளும் சென்றன.

இக்கொள்கை சரியானதென்றே நாம் கருதுகிறோம். ஆளுவோர் செய்த குற்றத்துக்கு ஆளப்படுவோரின் வயிற்றைக் காயவிடுதல் தண்டனையாகாது. ஆயினும் ஒரு முடிச்சு அவிழாமல் நிற்கிறது. 2022 டிசம்பரில், பெண்கள் தொண்டு நிறுவனங்களில் பணியாற்றக் கூடாதென்று தாலிபான்கள் ஆணையிட்டனர். அயல் ஆடவர் நுழையவியலாத வீட்டில், கைம்பெண் ஒருத்தியின் பட்டினியைக் கணக்கெடுப்பவர் யார்? நமது 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், வீட்டின் மூத்த பெண்ணையே ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவியாக வைத்திருக்கிறது. அத்தகைய நாடு அனுப்பும் தானியம், பெண்ணைக் காணாத கணக்கில் முடிவது முறையன்று.

மட்டாஞ்சேரி வணிகர் சரக்கை ஏற்றி அனுப்பியதோடு நின்றுவிடுவாரா? மறுமுனையில் இறக்கிக்கொண்டவரின் ரசீது வந்தாலன்றிக் கணக்கை முடியார். மூட்டைகள் எத்தனை என்பதுடன், அவற்றைப் பெற்ற பெண்கள் எத்தனை பேர் என்றும் நமது அரசு கேட்டுப் பெறவேண்டும். 2025 அக்டோபரில் தாலிபான் வெளியுறவு அமைச்சர் முத்தாகி தில்லி வந்தபோது, அவரது முதற் செய்தியாளர் கூட்டத்தில் பெண் செய்தியாளர் ஒருவரும் இல்லை, கண்டனம் எழுந்தது, இரண்டு நாளில் நடந்த மறு கூட்டத்தில் அவர்கள் முன் வரிசையிலேயே அமர்ந்தனர். அம்மாதத்திலேயே, முறையான அங்கீகாரம் வழங்காமலே, காபூலிலிருந்த நமது தொழில்நுட்பக் குழு தூதரகமாக உயர்த்தப்பட்டது. ஆகவே அந்த ரசீதைக் கேட்பதற்கு அங்கே இப்போது நமக்கு ஆள் உண்டு.