எரிமலை வாய்க்குள் ஒரு கண்ணாடி மேடு

அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் நியூபெரி என்றொரு எரிமலை. அதன் வாய்க்குள்ளேயே காரில் போய் இறங்கலாம். உள்ளே இரண்டு ஏரிகள். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி மின்னும் பெரிய மேடு. சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு அது.

அந்தக் குழம்பில் சிலிக்கா அதிகம். வெல்லப்பாகு மாதிரி கெட்டியாகத்தான் நகரும். அணுக்கள் வரிசை கட்டிப் படிகமாக முடியாமல், அப்படியே உறைந்துபோகும். அதுதான் அப்சிடியன்.

அந்த மேட்டின் இரும்புப் படிகளில் ஏறிப்போய் ஒரு துண்டை உற்றுப் பாருங்கள். உடைந்த முகத்தில் வட்ட வட்டமாக அலை வரிகள். விளிம்போ சவர பிளேடையும் மிஞ்சும் கூர்மை. அந்த மண்ணின் தொல்குடிகள் இதில்தான் கத்தியும் அம்பு முனையும் செய்தார்கள். அவை கைமாறி வெகுதூரம் போயின. எங்கோ கிடைக்கும் ஓர் அம்பு முனை எந்த எரிமலையில் பிறந்தது என்பதை, அதில் கலந்துள்ள தனிமங்களின் அளவை வைத்தே இன்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்தப் பளபளப்பைவிட இதுதான் பெரிய அதிசயம்.

போகிறவர்கள் நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள், செருப்பு உதவாது. பாறையில் கையூன்றாதீர்கள். சின்னத் துண்டைக்கூடப் பையில் போடக் கூடாது. அங்கே அது சட்டப்படி குற்றம். குளிர்காலத்தில் பனி மூடிப் பாதை அடைபட்டுவிடும், கோடைதான் தோது.