பிழை சொல்வாரும் பிழை களைவாரும்

(பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு வீட்டின் கதவு ஒழுங்காகத் திறந்து ஒழுங்காக மூடுங்காறும் அதனை எவரும் நினைப்பதில்லை. கீல் துருவேறிக் கதவு கிறீச்சிடும் நாளில்தான் கதவென ஒன்று இருப்பதே நினைவிற்கு வருகின்றது. அன்று மூன்று வினாக்கள் எழும். கதவைச் செய்த தச்சன் எங்கே? குறையைக் கேட்கும் செவி அவனுக்கு உண்டா? அவன் வாராவிடின் கீலைக் கழற்றிப் பார்க்கும் உரிமை வீட்டாருக்கு உண்டா?

இணைய உலாவியும் இக்காலத்துக் கதவுகளுள் ஒன்றே. தேர்வு முடிவும், தொடர்வண்டிச் சீட்டும், வைப்பகக் கணக்கும், நாளிதழும் அதன் வழியாகவே இன்று வீட்டிற்குள் வருகின்றன. எங்கோ தொலைவில் உள்ள கணிப்பொறியிற் குறிமொழியாக எழுதி வைக்கப்பெற்றதை வாங்கி, எழுத்தாகவும் படமாகவும் ஒலியாகவும் திரையில் விரித்துக்காட்டும் மென்பொருளே உலாவி. அக்கதவைச் செய்வார் யார், அது பழுதுபட்டாற் கேட்பார் யார் என்பதே இன்றைய பொழிவின் பொருள்.

வரலாற்றைச் சற்றே நோக்குக. 1989ஆம் ஆண்டில், செனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்சு இலீ என்னும் ஆங்கிலேயர் உலகளாவிய வலைக்குரிய திட்டத்தை வரைந்தார். 1993 ஏப்பிரல் 30ஆம் நாள், வலைக்குரிய நிரலை எவரும் கட்டணமின்றிக் கையாளலாம் என்று அவ்வாய்வகம் அதனைப் பொதுவாக்கியது. அவ்வாண்டிலேயே அமெரிக்க இலினாய்சுப் பல்கலைக்கழகத்தில் மார்க்கு ஆண்டிரீசனும் எரிக்கு பினாவும் மொசைக்கு என்னும் உலாவியை உருவாக்கினர். 1994இல் நெட்சுகேப்பு நிறுவனம் தோன்றிற்று. அதன் உலாவி விரைந்து பரவிற்று. 1995இல் மைக்ரோசாப்டு நிறுவனம் தானும் ஓர் உலாவியை வெளியிட்டு, பின்னர் அதனைத் தன் விண்டோசோடு பிணைத்தே கொடுக்கலாயிற்று. கணிப்பொறி வாங்குவானுக்கு உலாவி தானே வந்து சேருமாயின் வேறொன்றைத் தேடுவான் யார்? 1998 மே திங்களில் அமெரிக்க அரசே இது பற்றி மைக்ரோசாப்டின்மேல் வழக்குத் தொடுத்தது.

வீழ்ச்சியை எதிர்நோக்கிய நெட்சுகேப்பு, அந்நாள்வரை பெருவணிகர் எவரும் எளிதிற் செய்யாத ஒன்றைச் செய்தது. தன் உலாவியின் ஊற்றுநிரலை உலகோர்க்குத் திறந்துவிடுவதாக 1998 சனவரி 22ஆம் நாள் அறிவித்து, மார்ச்சு 31ஆம் நாள் திறந்தும் விட்டது. அதுவே மொசில்லாத் திட்டத்தின் தொடக்கம். திறவூற்று என்பதன் பொருள் இதுதான்: நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம். பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் பொறியன்று அது, ஊர்ப்பொதுக் கிணறு.

ஆயினும், அவையீர், கிணற்றைத் திறந்து வைத்த அளவில் நீர் தூய்மையாகிவிடாது. தூர் வாருவார் வேண்டும். பாசி படிந்துள்ளது என்று வந்து சொல்வாரும் வேண்டும். அவ்வாண்டிலேயே பக்சில்லா என்னும் பிழைப்பதிவேடு பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்றது. உலகின் எம்மூலையில் இருப்பவரும் அதில் தாம் கண்ட குறையைப் பதியலாம். பதிவார் மூன்று செய்திகளைத் தெளிவாகச் சொல்லல் வேண்டும். என்னென்ன செய்தபோது குறை தோன்றியது? என்ன நிகழும் என்று எதிர்பார்க்கப்பட்டது? உண்மையில் நிகழ்ந்தது யாது? இம்மூன்றும் தெளிவாயிருப்பின், கடல்கடந்த நாட்டில் இருக்கும் நிரலாளர் அக்குறையைத் தம் கணிப்பொறியில் மீண்டும் தோற்றுவித்துக் காண்பார். கண்டால் களைவார். "உலாவி சரியில்லை" என்று மட்டும் எழுதினால், "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லும் நோயாளிக்கு மருத்துவர் செய்யக்கூடியது எவ்வளவோ அவ்வளவே அவரும் செய்யக்கூடும்.

இனி, கையாளுவாரின் பட்டறிவு என்னும் பகுதிக்கு வருவோர் ஓர் உண்மையைக் காண்பர். மொசில்லாவின் முதற்பெரும் பதிப்பு 2002 சூன் திங்களில் வந்தது. உலாவி, அஞ்சல், பக்கம் எழுதும் கருவி எல்லாம் ஒன்றாகத் திணிக்கப்பெற்ற பெருமூட்டை அது. அறிந்தார் போற்றினர், எளியோர் மருண்டனர். இதனைக் கண்ட டேவு ஐயட்டு, சோ எவிட்டு, பிளேக்கு இராசு முதலிய சிலர், வேண்டாதவற்றைக் கழித்து, உலாவி ஒன்றை மட்டும் மெலிதாகச் செய்து அவ்வாண்டு செப்டம்பரில் வெளியிட்டனர். பிளேக்கு இராசிற்கு அப்போது அகவை பதினேழு. அவ்வுலாவி முதலிற் பீனிக்சு என்றும், பிறகு பயர்பேர்டு என்றும் பெயர்பெற்று, அப்பெயர்கள் பிறர்க்கு உரியவாயிருந்தமையின் 2004 பிப்ரவரியில் பயர்பாக்சு ஆயிற்று. தமிழர் பலர் அதனைத் தீநரி என்று அன்போடு வழங்குவர்.

2003 சூலையில் மொசில்லா அறக்கட்டளை அமைந்தது. நெட்சுகேப்பை வாங்கியிருந்த அமெரிக்கா ஆன்லைன் நிறுவனம் இருபது இலக்கம் தாலர் அளித்து ஒதுங்கிக்கொண்டது. 2004 நவம்பர் 9ஆம் நாள் பயர்பாக்சின் முதற்பதிப்பு வந்தது. கேளாமல் எழும் விளம்பரச் சாளரங்களை அது தடுத்தது. பல பக்கங்களை ஒரே சாளரத்தில் அடுக்கித் தந்தது. விளம்பரத்திற்குப் பணமில்லை. பயன்பெற்ற மக்களே தம் கைப்பொருளைத் திரட்டினர். அவ்வாண்டு திசம்பர் 16ஆம் நாள் நியூயார்க்கு டைம்சு நாளிதழில் இரண்டு முழுப்பக்க அறிவிப்பு வெளிவந்தது. கொடுத்தோர் பெயர்கள் ஆயிரக்கணக்கில் அதிற் சிற்றெழுத்தில் அச்சாகியிருந்தன. ஒரு கருவியைத் தமதென்று கருதுவார் அதற்குத் தாமே முரசறைவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவ்விடத்தில் தமிழர்க்கும் உரிய ஒரு நிகழ்ச்சி உண்டு. பயர்பாக்சின் தொடக்கப் பதிப்புகளில், பத்தியின் இருபுற ஓரங்களையும் நேராக்கிய பக்கங்களைத் திறந்தால் தமிழெழுத்துகள் சிதறித் தோன்றின. "கொற்கை" என்னும் சொல்லில் ஒற்றைக்கொம்பு ஒருபால், ககரம் ஒருபால், கால் ஒருபாலாகக் கிடக்கும். கரணியம் எளிது. உரோம எழுத்துகள் தனித்தனியே நிற்பவை. அவற்றினிடையே வெளியைக் கூட்டினாற் கேடில்லை. தமிழிலோ உயிர்மெய்யின் உறுப்புகள் மெய்யோடு பிரியாது நிற்றல் வேண்டும். அதனை அறியாத நிரல், உறுப்புகளுக்கிடையேயும் வெளியைப் புகுத்திற்று. தமிழ் எழுதுவோர் ஓரம் நேராக்குவதைத் தவிருமாறு ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டனர். பிற இந்திய மொழியாரும் இவ்வாறே இடர்ப்பட்டனர். 2008 சூன் 17ஆம் நாள் வந்த மூன்றாம் பதிப்பில், எழுத்துகளைத் திரையில் அமைக்கும் பகுதி புதிதாக எழுதப்பெற்ற பின்னரே அக்குறை நீங்கிற்று. அப்பதிப்பை ஒரே நாளில் 80,02,530 தடவை உலகோர் இறக்கிக்கொண்டனர் என்பது கின்னசுப் பதிவு. கொற்கையின் கொம்பும் காலும் தத்தம் இடம் சேர்ந்ததோ எப்பதிவேட்டிலும் ஏறாத வெற்றி.

அடுத்து, உதவி செய்வாரைப் பற்றிச் சொல்லல் வேண்டும். உலாவியை எழுதுவார் சிலர். அது பழுதுபடும்போது திகைப்பார் பலர். "என் கடவுச்சொற்கள் எங்கே போயின? என் பக்கம் ஏன் திறக்கவில்லை?" என்று கேட்பாருக்கு மொசில்லாவின் உதவி இடத்தில் மறுமொழி தருவோருட் பலர் சம்பளம் பெறாத தொண்டர்கள். ஆசிரியரும் மாணவரும் பணி ஓய்வு பெற்றோரும் அவர்களுள் உளர். உதவிக் கட்டுரைகளை எழுதுவாரும், அவற்றைத் தத்தம் மொழியிற் பெயர்ப்பாரும் அவ்வாறே. தமிழிலும் பயர்பாக்சின் பட்டிகளும் பொத்தான்களும் பேசுகின்றன எனின், அது தொண்டர்தம் கைவண்ணம். நல்ல உதவியாளர், வினவுவாரின் அறியாமையைச் சுட்டார். படிப்படியாகக் கைபிடித்து அழைத்துச் செல்வார். பத்துப்பேர் ஒரே இடத்தில் இடறினால், குற்றம் பத்துப்பேரிடம் இல்லை, படிக்கட்டில் உள்ளது என்று நிரலாளருக்கு உரைப்பார். கேட்பாரின் துன்பத்தைச் செய்வாரின் செவியிற் சேர்க்கும் பாலம் அவரே.

அப்பாலம் வலுவாயிருந்தபோது விளைந்த நன்மைக்கு ஓர் எடுத்துக்காட்டு: 2011இல் மொசில்லா ஆறு கிழமைக்கு ஒரு பதிப்பு என விரைந்தோடத் தொடங்கிற்று. நூற்றுக்கணக்கான கணிப்பொறிகளைப் பேணும் கல்லூரிகளும் அலுவலகங்களும் தடுமாறின, முறையிட்டன. 2012 சனவரியில், ஏறத்தாழ ஓராண்டு மாறாது நிற்கும் நெடும்பதிப்பு ஒன்று அவர்கட்கெனத் தனியே வந்தது.

இடறிய இடங்களும் உள. 2017 நவம்பர் 14ஆம் நாள் வந்த 57ஆம் பதிப்பு மிக விரைவானது. ஆயின், மக்கள் ஆண்டாண்டாக எழுதிச் சேர்த்த பழைய நீட்சிகள் அனைத்தும் அன்று முதல் இயங்காவாயின. பழைய நீட்சிகள் உலாவியின் உள்ளுறுப்புகளையே தொட்டதனால் உலாவியை மாற்றுதற்கும் காத்தற்கும் இடையூறாயின என்பது மொசில்லாவின் விளக்கம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் தம் கைப்பழக்கம் ஒரே நாளிற் பறிபோனாரின் வருத்தமும் உண்மையே. 2019 மே 4ஆம் நாளோ, நீட்சிகளுக்குச் சான்று வழங்கும் சான்றிதழ் ஒன்றன் காலம் முடிந்தமையின், உலகெங்கும் பயர்பாக்சின் நீட்சிகள் அணைந்தன. மொசில்லா அதனை மறைக்கவில்லை. பிழை எங்ஙனம் நேர்ந்தது என்று விரிவாக எழுதிற்று. பயனரிடமிருந்து அந்நாள்களில் திரண்ட தரவை அழிப்பதாகவும் அறிவித்தது. பிழை செய்தல் யார்க்கும் உண்டு. ஒப்புக்கொள்ளல் சிலர்க்கே உண்டு.

ஆனால் 2025 நவம்பரில் நிகழ்ந்தது அவ்வளவு எளிதில் ஆறும் புண்ணன்று. உதவிக் கட்டுரைகளை மொழிபெயர்க்கும் தானியங்கி ஒன்றை மொசில்லா புகுத்தியிருந்தது. சப்பானிய மொழியில் தொண்டர்கள் எழுதிவைத்த கட்டுரைகளின்மேல் அது தன் பெயர்ப்பை ஏற்றிற்று. தம் மொழிக்கென வகுத்த நெறிகளை அது பேணவில்லை என்றும், தம்மைக் கேளாமலே தம் உழைப்பு அழிக்கப்பட்டது என்றும் சொல்லி, இருபதாண்டிற்கு மேல் தொண்டாற்றிய சப்பானியக் குழுத்தலைவர் அப்பணியினின்று விலகினார். தம் பெயர்ப்புகளைப் பொறிக்குப் பயிற்சியாகக் கொடுத்தல் கூடாது என்றும் கூறினார். நிறுவனத்தார் பேச முன்வந்தனர். ஆயின் கேட்க வேண்டிய வேளை செய்வதற்கு முன்னர் அன்றோ?

தமிழர் இதனைப் பிறநாட்டுச் செய்தி என்று கடந்து போதல் கூடாது. பொறி விரைவாகப் பெயர்க்கும். எல்லா மொழிக்கும் ஒரே நாளிற் பெயர்க்கும். ஆளில்லா மொழிக்கு அதுவும் ஒரு துணையே. ஆயினும், ஒரு சொல்லைப் பத்துப்பேர் கூடி எண்ணி, வழக்கும் பொருளும் நோக்கித் தேர்ந்தெடுத்திருக்க, அத்தேர்வை வினவாமல் அழிக்கும் விரைவு விரைவாகாது. அழிந்தவை கட்டுரைகள் மட்டும் அல்ல. நாளை எழுத வேண்டியவரின் ஊக்கமும் அழிந்தது. சம்பளம் பெறுவார் மனம் வெறுத்தும் பணியில் நிற்பர். தொண்டர் மனம் வெறுத்தால் எழுந்து போய்விடுவர்.

பணத்தின் செய்தியையும் மறைத்தல் ஆகாது. மொசில்லாவின் வருவாயிற் பெரும்பகுதி, பயர்பாக்சில் தன் தேடலை முன்னிறுத்துதற்காகக் கூகுள் தரும் தொகையே. அக்கூகுளே 2008 முதல் குரோம் என்னும் உலாவியை வெளியிட்டு, இன்று உலாவிகளுள் முதலிடம் பெற்று நிற்கின்றது. போட்டியாளன் கைப்பொருளால் வாழும் நிலை வலிய நிலையன்று. பணத்தால் நிறுவனம் நிற்கலாம். மக்களால் மட்டுமே இயக்கம் நிற்கும்.

ஆகவே, யார் யார் என்ன செய்தல் வேண்டும்? கருவியைக் கையாள்வார், குறை கண்டவிடத்து முணுமுணுத்து விலகாமல், செய்தது, எதிர்பார்த்தது, நிகழ்ந்தது என்னும் மூன்றையும் எழுதித் தெரிவித்தல் வேண்டும். உதவுவார் பொறுமையை இழத்தல் கூடாது. செய்வார், மாற்றத்திற்கு முன்னரே மக்களைக் கேட்டல் வேண்டும். தொண்டரின் உழைப்பைத் தம் உடைமைபோல் அழித்தல் கூடாது. தமிழிளைஞரோ, உலாவியைத் தமிழில் அமைத்துக் கையாளுக. பொருந்தாத சொல்லைக் கண்டால் நகைத்துவிட்டு ஆங்கிலத்திற்குத் திரும்பற்க. நல்ல சொல்லைக் கண்டு, குழுவினரோடு கூடி ஆய்ந்து, எழுதி அனுப்புக.

பூட்டிய கதவின் குறையைச் சொல்ல உரிமையாளனைத் தேடி அலைதல் வேண்டும். திறந்த கதவிற்கோ வந்து போவார் எல்லாரும் உரிமையாளர். கீல் துருவேறும்போது எண்ணெய்க் கிண்ணத்தோடு வருவார் ஒருவரேனும் ஒவ்வொரு மொழியிலும் இருத்தல் வேண்டும். தமிழில் அவ்வொருவர் இவ்வவையினின்றே எழுந்து வருவாராக.