புகையும் "கடவுள் செயலும்"



ஆலை என்றிருந்தால் புகை வரத்தான் செய்யும், அதில் இருமிச் சாகிறவன் தன் விதிப்படி சாகிறான் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அந்த விதியைக் கொஞ்சம் விசாரிக்கலாம் என்றுதான் இங்கு வந்தேன்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில் டொனோரா என்று ஓர் ஊர். சுமார் 14,000 ஜனங்கள். ஆற்றோரத்தில் எஃகு ஆலையும் துத்தநாக ஆலையும் இருந்தன. 1948-ம் வருஷம் அக்டோபர் கடைசியில், மேலே வெப்பக் காற்றும் கீழே குளிர்ந்த காற்றுமாக, பானைக்கு மூடி போட்டாற்போல் ஆகிவிட்டது. ஆலைப் புகை மேலே போக வழியில்லாமல் பள்ளத்தாக்கிலேயே தங்கிற்று. சில நாளில் 20 பேர் மாண்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் நோயில் விழுந்தார்கள். ஆலைக்காரர் என்ன சொன்னார்கள் தெரியுமா? "இது கடவுள் செயல்" என்றார்கள்! அது வெறும் வக்கீல் பாஷை என்பார்கள். இருக்கட்டும், வக்கீலுக்கும் அந்த வார்த்தைதானே கைகொடுக்கிறது! காற்று நின்றது இயற்கை, நான் மறுக்கவில்லை. அந்தக் காற்றுக்குள் கந்தகப் புகையைக் கொண்டுபோய் வைத்தது யார்? கடவுளா துத்தநாகம் உருக்கினார்? லாபம் வந்தால் தங்கள் சாமர்த்தியம், பிணம் விழுந்தால் கடவுள் செயல்!

ஆலை வாயுவைப் பிடிக்கவே முடியாது என்றாலும் ஒருவாறு மன்னிக்கலாம். அதற்கு 85 வருஷங்களுக்கு முன்பே இங்கிலாந்தில் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். அங்கே சோடா உப்பு செய்யும் ஆலைகளிலிருந்து உப்புத் திராவக ஆவி கிளம்பி, சுற்றுவட்டாரத்து மரமும் பயிரும் கருகின. 1863-ல் பார்லிமெண்டார், அந்த ஆவியில் நூற்றுக்கு 95 பங்கைப் பிடித்தே தீரவேண்டும் என்று சட்டம் செய்து, பரிசோதகரையும் நியமித்தார்கள். வழி என்னவோ எளியதுதான். கோபுரம் போல் கட்டி, உள்ளே கரி அடுக்கி, மேலிருந்து தண்ணீரைச் சொட்டவிட்டு, கீழிருந்து ஆவியை ஏற்றினால் தண்ணீரில் கரைந்துவிடும். காஸேஜ் என்பவர் 1836-லேயே செய்த ஏற்பாடு அது. பிடித்த திராவகமோ, பிறகு துணி வெளுக்கும் தூள் செய்ய உதவிற்று. ஊரைக் கெடுத்ததே காசாயிற்று!

அதே தேசத்தில் கரிப்புகையை மட்டும் சும்மா விட்டிருந்தார்கள். 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாள் புகை மூடிற்று. 4,000 பேர் மாண்டதாக முதலில் கணக்கு. பின்னால் ஆராய்ந்தவர்கள் 12,000 வரை சொல்லுகிறார்கள். புகை விலகிய பிறகும் தொடர்ந்த சாவுகளுக்கு இன்புளுயன்ஸா காரணம் என்று அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். ஆனாலும் 1956-ல் சட்டம் வந்தது. புகை கூடாத வட்டாரங்கள் ஏற்பட்டன. வீட்டு அடுப்பை மாற்றப் பொதுப் பணத்திலிருந்தே உதவி கொடுத்தார்கள்.

ஜப்பானில் யொக்காய்ச்சி என்ற ஊரில், எண்ணெய் ஆலைகளின் புகையால் ஆஸ்துமா கண்டவர்களில் ஒன்பது பேர் கோர்ட்டுக்குப் போனார்கள். பல புகைபோக்கிகள் இருக்கிற ஊரில், எவர் புகை எவர் மார்பில் போயிற்று என்று யார் பிரித்துக் காட்டுவது? 1972-ல் நீதிபதிகள், பிரித்துக் காட்ட வேண்டாம், ஆறு கம்பெனிகளும் சேர்ந்தே பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னார்கள். மறு வருஷமே, புகைவிடுகிற ஆலைகளிடம் பணம் வசூலித்து நோயாளிகளுக்குக் கொடுக்கும் சட்டமும் அங்கே ஏற்பட்டது.