பிரவேசப் பரீட்சையும் ஆங்கிலப் பத்தி வாசிப்பும்

(நமது சங்க மாணவர் இல்லத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று மாலை யாம் பேசுமாறு பணிக்கப்பெற்ற விஷயம் சிறிது. ஆங்கிலத்தில் ஒரு பத்தியைத் தந்து, அதன்கீழ்ச் சில வினாக்களைத் தொடுத்து, படித்தவன் பொருளுணர்ந்தானா என்று சோதிக்கும் முறைக்கு நம் பிள்ளைகள் எங்ஙனம் பழகுதல் வேண்டும் என்பதே அது. விஷயம் சிறிதாயினும் அதனால் விளையும் நட்டம் சிறிதன்று. கணித மேதையாகிய இராமாநுஜன் கும்பகோணத்துக் கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறித் தமது உதவிச் சம்பளத்தை இழந்த கதையை நீவிர் அறிவீர். அத்துணைத் தூரம் போவானேன்? சென்ற ஆண்டு நமது வாசகசாலையிலேயே யாம் அதைக் கண்ணாரக் கண்டோம்.

நாள்தோறும் மாலையில் இங்கு வந்து படித்த பெண்ணொருத்தி, பன்னிரண்டாம் வகுப்பைத் தமிழ்வழியிற் பயின்று நன்மதிப்பெண்களோடு தேறியவள். சட்டம் பயிலவேண்டுமென்பது அவளது பேரவா. அவள் தந்தையார் தம் நிலைக்கு மிஞ்சிய தொகையை ஒரு பயிற்சிக்கூடத்திற் கட்டினார். அங்கே அவளுக்கு அருஞ்சொற் பட்டியலொன்றைக் கொடுத்து, நாளொன்றுக்கு ஐம்பது சொல்லாக உருப்போடச் செய்தனர். அவளும் சலியாது செய்தாள். பரீட்சையில் அப்பட்டியற் சொற்களுள் இரண்டொன்றே தலைகாட்டின. இடம் கிட்டவில்லை. பின்னர் யாம் அவளோடு அமர்ந்து வினாத்தாளையும் விடைகளையும் ஒப்புநோக்கினோம். ஆங்கிலப் பகுதியில் அவள் தவறிய வினாக்களுள், சொல் தெரியாமையால் தவறியவை மூன்றே. ஏனையவெல்லாம் ஒவ்வொரு சொல்லும் தெரிந்திருந்தும் தவறியவை! அன்று தொடங்கி இதுபற்றிச் சிந்தித்ததையே இங்குச் சொல்லப் புகுகின்றோம்.

முதலிற் பரீட்சையின் இயல்பை அறிதல் வேண்டும். கிளாட் எனப்படும் பொது நுழைவுத் தேர்வு 2008ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருவது. திருச்சிராப்பள்ளியிலுள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட இருபதுக்கு மேற்பட்ட தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு அதுவே வாயில். அஃது ஆங்கிலத்தில் மட்டுமே நடப்பது. 2020ஆம் ஆண்டில் அதன் உருவம் மாறிற்று. தனித்தனியே சொற்பொருளும் எதிர்ச்சொல்லும் இலக்கணமும் கேட்டுவந்த வழக்கம் ஒழிந்து, எல்லாப் பகுதிகளும் பத்தியைப் படித்து விடை சொல்லும் வகையினவாயின. 2023 டிசம்பரில் நடந்த தேர்வு முதல் 120 வினாக்கள், 120 நிமிடங்கள். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண்; பிழைக்குக் கால் மதிப்பெண் கழிவு. ஆங்கிலத்திற்கென வகுத்த வினாக்கள் 22 முதல் 26 வரையே. ஆனால் அதைக்கொண்டு இதனை ஐந்திலொரு பங்கென்று எண்ணுதல் பேதைமை. சட்டப் பகுதியும் தருக்கப் பகுதியும் நடப்புச் செய்திப் பகுதியும் ஆங்கிலப் பத்திகளே அல்லவோ? கணக்குங்கூட ஆங்கில வாக்கியங்களாலன்றோ கூறப்படுகின்றது!

இன்னுமொரு கணக்கு உண்டு. ஆங்கிலப் பத்தி ஒவ்வொன்றும் ஏறக்குறைய 450 சொற்கள் கொண்டது. பன்னிரண்டாம் வகுப்பு மாணாக்கன் ஐந்து முதல் ஏழு நிமிடங்களிற் படிக்கத்தக்கது என்பது தேர்வு நடத்துவோரே கூறியது. நான்கு பத்திகள், பத்திக்கு ஆறு நிமிடம் என்று கொண்டால், 24 நிமிடங்கள் படிப்பதற்கே சென்றுவிடும். வினாவுக்கொரு நிமிடமென்ற பங்கீட்டின்படி ஆங்கிலத்திற்கு உரிய காலம் முழுவதும் அவ்வளவே! விடை காண நேரம் எங்கே? இதைக் கண்டு மருண்டுதான் பலரும் கண்ணை விரைவாக ஓட்டப் பழகுகின்றனர். எமது அபிப்பிராயம் வேறு. நேரத்தை உண்பது முதல் வாசிப்பன்று. இரண்டாம் மூன்றாம் வாசிப்புக்களே. முதன்முறை பொருள் பிடிபடாமையால், ஒவ்வொரு வினாவுக்கும் பத்தியின் தலைக்கு மீள்கின்றான் மாணவன். ஆதலின் பழகவேண்டியது விரைவன்று, முதன்முறையிலேயே பிடித்தல்.

நிற்க. சொல் தெரிந்தும் பொருள் தவறுவது ஏன்? அப்பெண்ணின் விடைத்தாளில் யாம் கண்ட காரணங்களைக் கூறுவோம்.

தமிழ் வாக்கியத்தில் பயனிலை ஈற்றில் நிற்கும். நிபந்தனையும் காரணமும் விலக்கும் முன்னே வந்து, முடிபு கடைசியில் வரும். ஆங்கிலமோ முடிபை முன்னே சொல்லிவிட்டு, மற்றவற்றை வாலாக நீட்டுவது பெரும்பான்மை. ஈற்றிற் பொருளை எதிர்நோக்கிப் பழகிய நம் பிள்ளை அவ்வாலின் நுனியை அடையுமுன் தலையை மறக்கின்றான். அன்றேல் தலையைப் பற்றிக்கொண்டு, ‘அன்லெஸ்’ என்று தொடங்கும் வாலை விட்டுவிடுகின்றான். சட்டம் பயிலப் போகின்றவனுக்கு அந்த ‘அன்லெஸ்’ஸிலேதானே உயிர் இருக்கின்றது! ஒரு பயிற்சிப் பத்தியில், ஓரூர் ஏரி வற்றியது மழையின்மையாலன்று, பெரிதும் பராமரிப்பின்மையாலேயே என்னுங் கருத்து வந்தது. ஆங்கிலத்தில் அது ‘லெஸ்’ என்று தொடங்கி ‘தேன்’ என்று திரும்பும் அமைப்பில் இருந்தது. ‘லெஸ்’ஸையும் மழையையும் அருகருகே கண்ட அப்பெண், மழை குறைந்தமையால் ஏரி வற்றியது என்று பொருள் கொண்டாள். அவ்விடையும் நான்கனுள் ஒன்றாகக் காத்திருந்தது. வினா அமைப்போர் நாம் எங்கே இடறுவோம் என்பதை நம்மினும் நன்கறிவர்.

இதற்கு மருந்து வெளியே தேடவேண்டியதில்லை. நமது நன்னூலில் பொருள்கோள் எட்டு வகையாகக் கூறப்பட்டுள்ளது. சொற்கள் நின்ற நிலையிலேயே பொருள் தருவனவும் உண்டு. எங்கோ நிற்குஞ் சொல்லை வேறெங்கோ கொண்டுபோய்க் கூட்டினாலன்றிப் பொருள் தராதனவும் உண்டு. பள்ளியிற் செய்யுள் படித்த பிள்ளை யாவரும் கொண்டுகூட்டிப் பொருள் காணப் பழகியவரே. அப்பழக்கத்தை ஆங்கில வாக்கியத்தின்மேற் செலுத்துவார் இலர். நீண்ட வாக்கியத்தைக் கண்டவுடன் எழுவாய் எது, பயனிலை எது என்று பென்சிலாற் கோடிட்டு, மற்றவை எதனோடு சேர்வன என்று கேட்டால், அச்சுறுத்திய வாக்கியம் அடங்கிவிடும். ஒரு திங்கள் இங்ஙனம் செய்தபின் பென்சில் வேண்டுவதில்லை, கண்ணே கோடிடும்.

அடுத்த காரணம், பேசுவோர் யாரென்று அறியாமை. நல்ல வியாசகாரர் பலர் தம் கருத்தைச் சொல்லுமுன் எதிரியின் கருத்தை எடுத்துரைப்பர். பரிமேலழகர் முதலியோர் பிறர் கொண்ட பொருளைக் காட்டிப் பின் மறுப்பதைத் தமிழிற் கற்றவர்க்கு இது புதிதன்று. அம்பேத்கர் அவர்கள் 1949 நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய பேருரையை எடுத்துக்கொள்ளுங்கள். அரசியலமைப்பைக் கண்டிப்போர் பெரும்பாலும் பொதுவுடைமைக் கட்சியாரும் சோஷலிஸ்ட் கட்சியாரும் என்று கூறி, அவர்கள் கண்டிப்பது எதுபற்றி என்பதையும் விளக்கி, அதன்பின்னரே தம் நிலையை நாட்டுகின்றார். அவ்விடத்தை மட்டும் ஒரு பத்தியாக வெட்டிக் கொடுத்து, ஆசிரியர் கருத்து யாதெனக் கேட்டால், அக்கண்டனத்தை அம்பேத்கர் தலையிலேயே சுமத்துவோர் பலராவர். ஆதலின் பத்தியின் ஓரத்தில், இது ஆசிரியர் கூற்று, இது பிறர் கூற்று என்று குறியிடுக. ‘ஹவெவர்’, ‘யெட்’, ‘பட்’ என்பன வரும் இடமே பெரும்பாலும் பேச்சு கைமாறும் இடம்.

மூன்றாவது காரணம் நல்ல மாணவர்களையே பிடிப்பது. பத்தியில் இல்லாததைத் தன் அறிவிலிருந்து கொண்டுவந்து சேர்த்தலே அது. காவிரியைப் பற்றிய பத்தியென்றால் நமக்குத் தெரிந்தது எத்தனை! நான்கு விடைகளுள் ஒன்று உலகிலே முற்றிலும் உண்மையாக இருக்கும். பத்தியிலோ அதைப்பற்றி ஒரு சொல்லும் இராது. நல்ல அறிவுடைய பிள்ளை அதையே தொடுவான். அப்பெண்ணின் பிழைகளில் மிகுதியானவை இவ்வகையின. அதைச் சொன்னபோது அவள், “ஐயா, அது உண்மைதானே?” என்று கேட்டாள். உண்மையே. ஆனால் வினவப்பட்டது உலகைப் பற்றியன்று, அப்பத்தியைப் பற்றி.

‘ஆல்வேஸ்’, ‘நெவர்’, ‘ஒன்லி’ என்று அளவு கடந்து சொல்லும் விடைகளும் இவ்வினத்தன. ஆசிரியர் ‘சிலவேளை’ என்றிருப்பார். விடையோ ‘எப்போதும்’ என்னும். பாதி சரியாய்ப் பாதி பிழையாய் நிற்கும் விடைகளும் உண்டு. அவற்றின் பின்பாதியை முதலிற் படிப்பது நன்று.

சொற்கள் வேண்டாவென்று யாம் சொல்லியதாகக் கொள்ளற்க. சொல்லைப் பட்டியலிற் கற்பதே தீது, வாக்கியத்திற் கற்க. ‘ஸாங்க்ஷன்’ என்பதற்கு அனுமதி என்றும் பொருள், தண்டனை என்றும் பொருள். ஒன்றுக்கொன்று மாறாகிய இரண்டனுள் எது என்பதைப் பட்டியல் சொல்லுமோ? ‘குவாலிஃபைட்’ என்பது தகுதியுடையவனைக் குறிக்கும். ஒருவர் ஒரு திட்டத்திற்குக் ‘குவாலிஃபைட்’ ஆதரவு தந்தார் என்றாலோ, வரையறையோடு கூடிய ஆதரவு என்பதே பொருள். எளிய சொற்களே இப்பரீட்சையில் பெரிய வஞ்சகர்.

இனி அப்பியாசத்தைக் கூறுவோம். நாளுக்கு ஐந்து பத்திகளை அவசரமாக விழுங்கி, விடைத்தாளைப் பார்த்து மதிப்பெண்ணிட்டு மகிழ்வதும் வருந்துவதும் அப்பியாசம் ஆகா. நாளுக்கு ஒரு பத்தி போதும். முதலிற் கடிகாரத்தை வைத்து விடையளிக்க. பின்பு விடைத்தாளைப் பாராமலே, ஒவ்வொரு விடைக்கும் எதிரே, இதற்கு ஆதாரமான வரி எது என்று எண்ணிட்டு எழுதுக. வரி அகப்படாத விடை, தற்செயலாகச் சரியாயிருந்தாலும், பிழையென்றே கொள்க. தள்ளிய மூன்று விடைகளை ஏன் தள்ளினோமென்றும் ஒவ்வொரு சொல்லாற் குறிக்க. கடைசியாகப் பத்தி முழுவதன் கருத்தையும் தமிழில் மூன்று வரிகளில் எழுதுக. ஆம், தமிழிலேதான். ஆங்கிலம் கற்கத் தமிழை விலக்கவேண்டுமென்று சிலர் கூறுவர். எமக்கு அஃது உடன்பாடன்று. ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பிள்ளை பத்தியிலுள்ள சொற்களையே திருப்பி அடுக்கிவிடுவான். விளங்கிற்றா இல்லையா என்பது அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. தமிழில் எழுதும்போது ஒளிய இடமில்லை. பதவுரை வேண்டா; கருத்துரையே வேண்டும்.

வினாவை முதலிற் படித்துப் பின் பத்திக்குப் போ என்னும் உபாயம் பயிற்சிக்கூடங்களிற் பெரிதும் ஓதப்படுகின்றது. தேர்ந்தவர்க்கு அது பயன்படலாம். பழகுவோர்க்கு ஆகாது; ஏழு பொருளைத் தேடிக்கொண்டு சந்தைக்குள் ஓடுபவன் சந்தையைக் காண்பதில்லை.

ஊகத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. கால் மதிப்பெண் கழிவுக்கு அஞ்சி அப்பெண் பதினாறு வினாக்களை வெறுமனே விட்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு பதினாறுக்கும் குறித்திருந்தால், சராசரியில் நான்கு சரியாகி நான்கு மதிப்பெண் வரும், பன்னிரண்டு பிழைக்கு மூன்று போகும், மிச்சம் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு விடையையேனும் தக்க காரணத்தோடு தள்ளியிருந்தால், பன்னிரண்டு வினாவுக்கே இரண்டு மிஞ்சும். சூதை யாம் போற்றவில்லை. பாதி அறிந்ததை அச்சத்தால் விடுதல் வேண்டா என்றே சொல்கின்றோம்.

எதைப் படிப்பது என்று வினவுகின்றீர்கள். நாள்தோறும் ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கம் நன்றே. அது மட்டும் போதாது. புனைகதையிலிருந்தும் பத்திகள் எடுக்கப்படுதலின், தலையங்கம் மட்டும் படித்தவன் கதை வந்தவுடன் திகைக்கின்றான். ஆர்.கே. நாராயண் 1935இல் வெளியிட்ட ‘சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்’ நூலை எடுத்துக்கொள்ளுங்கள். எளிய சொற்கள், ஆனால் நகைச்சுவை வரிக்கு அடியிலே ஓடுவது. ஆசிரியரின் தொனியை அறிய அதனினும் நல்ல பாடமில்லை. அம்பேத்கரின் உரைகள் தருக்கம் அறிய உதவும். முந்தைய வினாத்தாள்களைத் தேர்வு நடத்தும் கூட்டமைப்பே வெளியிடுகின்றது. கைப்பேசியில் வருங் கலப்பட வினாத்தாள்களை நாடி, பிழையான விடைகளையும் கற்றுக்கொள்ள வேண்டா.

அப்பெண் வருகின்ற டிசம்பரில் மறுமுறை எழுதுகின்றாள். இம்முறை பட்டியல் இல்லை; ஒரு நோட்டுப்புத்தகமும் அதில் நாளொன்றுக்கு மூன்று தமிழ் வரிகளும் உள. அவள் தந்தையார் இச்சபையில் அமர்ந்திருக்கின்றார். அவ்வரிகளை இரவில் அவரே வாங்கிப் பார்க்கின்றாராம். ஆங்கிலப் பத்தி தமக்கு விளங்காதாயினும், மகள் எழுதிய தமிழ் தமக்கு விளங்குகின்றதா என்று மட்டும் சொல்கின்றார். விளங்கவில்லையென்றால் அவள் மீண்டும் பத்திக்குப் போகின்றாள்.

வரும் ஞாயிறு தொடங்கி வாரந்தோறும் மாலை நான்கு மணிக்கு இவ்வில்லத்தின் வாசகசாலையில் இங்ஙனம் கூடிப் பழக ஏற்பாடு செய்திருக்கின்றோம். வருகின்ற பிள்ளைகள் பென்சிலும் நோட்டும் கொண்டுவருக. பத்தியைச் சங்கம் அச்சிட்டுத் தரும். பெற்றோரும் வரலாம், அவர்கள் செவிமடுப்பதற்கெனத் தமிழ் வரிகளை ஒவ்வொருவரும் உரக்க வாசிக்கும்படி செய்வோம்.