வாசலில் நடந்த வாழ்க்கை



மேற்கு லண்டனில், நாட்டிங் ஹில்லுக்கு வடக்கே சௌதம் தெரு என்று ஒரு தெரு. ஒன்றோடொன்று ஒட்டிய உயரமான வீடுகள், மொத்தம் 140. வீட்டுக்கு ஒன்பது அறை. 1923இல் அங்கே சுமார் 2,500 பேர் குடியிருந்தார்கள். வகுத்துப் பாருங்கள், வீட்டுக்குப் பதினெட்டுப் பேர் வரும்!

1956இல் ரோஜர் மேய்ன் என்ற இளைஞர் கேமராவோடு அந்தத் தெருவுக்குள் நுழைந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் படித்துவிட்டுப் புகைப்படத்தின் பக்கம் வந்தவர். தெரு அவரைப் பிடித்துக்கொண்டது. 1961 வரை திரும்பத் திரும்ப வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். நடுத்தெருவில் பந்து உதைக்கும் பையன்கள், கைகளை வீசி ஆடும் ஒரு பெண், தலையை வழித்துச் சீவி நீளக் கோட்டு மாட்டிய 'டெடி பாய்'கள், வாசற்படியில் உட்கார்ந்து வம்பளக்கும் பெண்கள். கார் என்று பார்த்தால் அபூர்வம்.

இந்தப் படங்களைப் பார்க்கிறவர்களுக்கு ஓர் ஏக்கம் வரும்: அடடா, தெருவென்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! அங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். அவ்வளவு பேரும் தெருவில் நின்றதற்கு முதல் காரணம், உள்ளே நிற்க இடமில்லை என்பதே.

அந்த உள்பக்கத்தைச் சொல்ல ஒருவர் இருக்கிறார். தபால்காரராக வேலை பார்த்து, பின்னாளில் பிரிட்டனின் உள்துறை அமைச்சரான ஆலன் ஜான்சன். 1950இல் பிறந்த அவர் வளர்ந்தது இதே தெருவில். குளியலறை கிடையாது, கழிப்பறை வீட்டுக்கு வெளியே. மனிதர் குடியிருக்கத் தகாதவை என்று 1930களிலேயே முத்திரை குத்தப்பட்ட வீடுகள் அவை. இருந்தும் இடிக்கப்படாமல், வாடகை மட்டும் தவறாமல் வசூலிக்கப்பட்டது. 2013இல் வெளிவந்த தன் நினைவு நூலில் அவர் இதையெல்லாம் எழுதியிருக்கிறார். மேய்ன் படங்களைப் பார்க்கும்போது அந்தப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

1957இல் வந்த வாடகைச் சட்டம் புதிதாகக் குடிவருவோரின் வாடகைக்கு இருந்த உச்சவரம்பைத் தளர்த்தியது. வேறெங்கும் கதவு திறக்காத கரீபியக் குடியேறிகள் இந்த வட்டாரத்து வீட்டுக்காரர்களுக்கு அதிகம் கொடுத்தே அறை பிடித்தார்கள். 1958 கோடை முடியும் வேளையில் நாட்டிங் ஹில்லில் அவர்கள்மீது வெள்ளைக் கும்பல்கள் பாய்ந்தன. அடுத்த ஆண்டு மே 17, நள்ளிரவு தாண்டிய நேரம். ஆன்டிகுவாவிலிருந்து வந்த தச்சர் கெல்சோ காக்ரேன், அடிபட்ட கட்டைவிரலுக்கு மருத்துவமனையில் கட்டுப் போட்டுக்கொண்டு நடந்து வந்தார். சௌதம் தெருவும் கோல்போர்ன் சாலையும் சேரும் முனையில் வெள்ளை இளைஞர்கள் சிலர் அவரைச் சூழ்ந்து கத்தியால் குத்தினார்கள். வயது 32. இறுதி ஊர்வலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நடந்தார்கள். கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

1969 வாக்கில் தெருவின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. அருகிலேயே எர்னோ கோல்ட்ஃபிங்கர் வடிவமைத்த ட்ரெல்லிக் டவர் 1972இல் எழுந்தது: 31 மாடி, 217 வீடுகள். லிஃப்டுக்குத் தனிக் கோபுரம்; மூன்று மாடிக்கு ஒரு பாலம். குளியலறையும் வெந்நீரும் பால்கனியும் கிடைத்தன, அது சிறிய விஷயமல்ல. ஆனால் வாசற்படி இல்லை. தொடக்க ஆண்டுகளில் திருட்டும் வன்முறையும் மலிந்து கட்டடம் பெயர் கெட்டது. பிறகு குடியிருப்போர் சங்கம் போராடி, வாசலில் காவலாளும் வந்தார், நிலைமை மாறியது. 1998இல் அது பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது.

காக்ரேன் கொலையுண்டு ஐம்பது ஆண்டுகள் ஆன 2009 மே மாதம், அந்த முனைக்கு அருகே கோல்போர்ன் சாலையில் ஒரு நினைவுப் பலகை பதித்தார்கள். அடுத்த மாதமே, காவல்துறைக்குப் பொறுப்பான உள்துறை அமைச்சராக ஆலன் ஜான்சன் பதவியேற்றார். காக்ரேன் குத்தப்பட்ட அன்று அந்தத் தெருச் சிறுவனுக்கு ஒன்பதாவது பிறந்தநாள்.