தேய்ந்தும் குறையாத சொத்து



முன்னோர் விட்டுச் சென்ற பொருளைப் பூட்டி வைப்பதா, எடுத்துப் புழங்குவதா? நகை என்றால் விடை எளிது. பெட்டிக்குள் கிடந்தாலும் தங்கம் தங்கமே. ஆனால், புழங்கினால் தேயும், புழங்காவிட்டால் துருப்பிடிக்கும் பொருளை என்ன செய்வது? மெக்சிகோ நாட்டு இறைச்சிக் கடைக்காரர் குடும்பங்களில் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கும், பிள்ளையிடமிருந்து பேரனுக்கும் கைமாறி வரும் பழைய வெட்டுக்கத்தி அப்படிப்பட்ட பொருள்.

முதலில் அந்தக் கத்தியின் பூர்வீகத்தைப் பார்ப்போம். மெக்சிகோவின் பூர்வகுடி மக்களிடம் இரும்புக் கத்தி இருந்ததில்லை. எரிமலைக் குழம்பு குளிர்ந்து உருவாகும் ஒப்சிடியன் என்னும் கண்ணாடிக் கல்லைச் சீவியே அவர்கள் கத்தி செய்தார்கள். பச்சூக்கா நகருக்கு அருகே இக்கல் வெட்டியெடுக்கப்பட்ட மலைத்தொடருக்கு இன்றும் ‘சவரக்கத்தி மலை’ என்று பொருள்படும் பெயரே வழங்குகிறது. அந்தக் கல்லின் விளிம்பு எஃகையும் மிஞ்சும் கூர்மை உடையது. ஆனால், சற்று அழுத்தினால் சில்லாக உடைந்துவிடும்.

1519ஆம் ஆண்டு கோர்ட்டெஸ் தலைமையில் ஸ்பானியர்கள் வந்திறங்கினார்கள். 1521இல் அஸ்டெக் தலைநகரம் வீழ்ந்தது. மாடும் இரும்புக் கத்தியும் ஸ்பானியர்களோடுதான் அந்த மண்ணுக்கு வந்தன. வந்தவர் கொண்டுவந்த தொழிலை உள்ளூர்க் கொல்லர்கள் தமதாக்கிக் கொண்டார்கள். ஹலிஸ்கோ மாநிலத்தின் சயூலாவும், தெற்கிலுள்ள வஹாக்காவும் இன்று கத்திக்குப் பெயர்போன ஊர்கள். வஹாக்காவில் கத்தியின் அலகிலேயே பழமொழிகளைப் பொறித்துத் தரும் வழக்கம் உண்டு. ‘காரணமின்றி என்னை உருவாதே, மானமின்றி என்னை உறையில் இடாதே’ என்பது ஸ்பானிய மொழி பேசும் மக்களிடையே வாள்களிலும் கத்திகளிலும் காணப்படும் பழைய வாசகம்.

இனி, அந்தக் கத்தி செய்யும் வேலைக்கு வருவோம். மொரேலோஸ் மாநிலத்தில் யேகாபிஸ்ட்லா என்றோர் ஊர். ‘செசினா’ என்னும் உப்பிட்டு உலர்த்திய மாட்டிறைச்சிக்கு அது புகழ்பெற்றது. இறைச்சியைத் துண்டு போடாமல், சுருளைப் பிரிப்பதுபோல் விரித்துக்கொண்டே சீவுவார்கள். துணிபோல மெல்லியதாக நீண்டு வரும். கை கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் கிழிந்துவிடும். எந்தப் புத்தகமும் கற்றுத்தர முடியாத வேலை இது. பக்கத்தில் நின்று பார்த்து, வெட்டி, கெடுத்து, மறுபடி வெட்டித்தான் பழக வேண்டும்.

பழைய கத்திகள் பெரும்பாலும் கார்பன் எஃகால் ஆனவை. ஹாரி பிரியர்லி 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் துருப்பிடிக்காத எஃகை உருவாக்கினார். அது பரவுவதற்கு முன்பு, கத்தி என்றாலே தினமும் கவனிக்க வேண்டிய பொருள். கழுவிய உடனே துடைக்க வேண்டும். எண்ணெய் தடவ வேண்டும். வேலைக்கு நடுவே தீட்டுக்கோலில் நான்கு இழுப்பு இழுத்தால், மடங்கிய விளிம்பு நிமிர்ந்துகொள்ளும். மழுங்கிப் போனால் சாணைக்கல்தான். மெக்சிகோ தெருக்களில் சைக்கிளில் சாணைக்கல்லைப் பொருத்திக்கொண்டு, சிறு குழல் ஊதியபடி வரும் சாணைக்காரரை இன்றும் காணலாம். அந்தக் குழலோசை கேட்டால் வீடுகளிலிருந்து கத்திகள் வெளியே வரும்.

ஒவ்வொரு சாணையிலும் கொஞ்சம் இரும்பு போகிறது. பாட்டனார் வாங்கியபோது அகன்றிருந்த அலகு, பேரன் கைக்கு வரும்போது மெலிந்திருக்கும். பெரிய துண்டங்களை வெட்டிய கத்தி, எலும்பை ஒட்டிய சதையைப் பிரித்தெடுக்கும் சிறுகத்தியாக மாறியிருக்கும். இதைப் பார்த்து, “ஐயோ, தேய்ந்துவிட்டதே” என்று வருந்துவது சரியா? தேய்ந்துபோன அந்த இரும்புதானே அந்தக் குடும்பத்திற்குச் சோறு போட்டது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது!

“அப்படியானால் ஒருநாள் கத்தியே இல்லாமல் போகுமே?” என்று கேட்கலாம். உண்மைதான். அதற்குள் கைத்திறன் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். புதுக் கத்தியைக் கடையில் வாங்கலாம். கைப்பழக்கத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

பேரன் வேறு தொழிலுக்குப் போவதும் குற்றமில்லை. கடையை மூடிவிட்டு வந்த குடும்பத்திலும் அந்தக் கத்தி அடுப்படியில் வெங்காயம் நறுக்கலாம். மின்சாரச் சாணையில் சூடேற்றி அதன் பதத்தைக் கெடுக்காமலும், ஈரத்தை இழுக்கும் தோலுறையில் நெடுநாள் போட்டு வைக்காமலும் இருந்தால் போதும். அலகில் படிந்த கருநிறத்தை அழுக்கென்று தேய்த்து எடுக்கவும் வேண்டாம். செந்துருவை ஓரளவு தடுப்பதே அதுதான்.

சுவரில் மாட்டிய கத்தியைக் காட்டி, “இது தாத்தாவுடையது” என்று மட்டுமே சொல்ல முடியும். கையில் பிடித்த கத்தியைக் காட்டி, “தாத்தா இப்படித்தான் பிடிப்பார்” என்று சொல்லித்தர முடியும். பிள்ளைகளுக்கு இரண்டாவதைச் சொல்லித்தர ஒருவராவது வீட்டில் இருக்கட்டும்.