தவறு ஒப்பும் செங்கோல்

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் உறுப்பினர்களே, கவிஞர் பெருமக்களே!

தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் தளி. பிறமொழி மரபை அயலெனக் கருதாத இம்மண்ணில், சிலப்பதிகாரத்தையும் யூதர்தம் எபிரேய மரபையும் அருகருகே வைத்து ஒரு வினாவை ஆராய்வது பொருந்தும். ஆள்வோர் தவறிழைத்தால் அவர் செய்யத்தக்கது யாது?

கண்ணகி உடைத்த சிலம்பினின்று மாணிக்கப் பரல் தெறித்த அளவில் பாண்டியன் நெடுஞ்செழியன் தன் பிழையை உணர்ந்தான். பொற்கொல்லன் சொல்லை நம்பியே அவன் ஆணையிட்டான். ஆயினும் அதனைக் காட்டித் தப்ப முயலாமல், கள்வன் தானே எனச் சாற்றி அரியணையிலேயே உயிர் துறந்தான். தமிழுலகம் போற்றும் காட்சி இது. இதற்குப் பின் நிகழ்ந்ததை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்பதையும் அதே காப்பியம் உரைக்கிறது. பொய்யுரைத்தவன் ஒருவன், மாண்டவரோ ஆயிரவர். முன்னவன் பழியைத் தன் தோளில் ஏற்றான்; பின்னவன் அதனை எளியோர் தலையில் இறக்கினான்.

எபிரேய மறையிலும் இத்தகைய இரு மன்னர் உளர். இறையாணையை மீறிக் கொள்ளைப்பொருளைக் காத்துக்கொண்ட சவுல், இறைவாக்கினர் சாமுவேல் வினவியபோது குடிமக்கள்மீது பழியைப் போட்டான். பின்னர்த் தவற்றை ஒப்பிய நிலையிலும், மூப்பர் முன்னிலையில் தன் மதிப்பைக் காக்குமாறு வேண்டினான். தாவீது இழைத்ததோ பெருங்கொடுமை. படைவீரன் உரியாவின் மனைவியைக் கவர்ந்து, அவனையும் போர்முனையில் மடியச் செய்தான். நாத்தான் என்னும் இறைவாக்கினர், ஏழையொருவனின் ஒற்றை ஆட்டுக்குட்டியைச் செல்வன் பறித்துக்கொண்ட கதையை அவனுக்குச் சொன்னார். சினந்தெழுந்து தீர்ப்புரைத்த மன்னனிடம், அச்செல்வன் நீயே என்றார். தாவீது சாக்குச் சொல்லவில்லை. தன் பாவத்தை ஒப்புக்கொண்டான். தண்டனை அவனை விட்டு நீங்கவில்லை. ஆயினும் அவன் குலம் அரசில் நிலைத்தது. சவுலின் குலமோ அரசை இழந்தது.

இக்கதைகளோடு யூத மரபு நின்றுவிடவில்லை. தவறு ஒப்புதலை முறைப்படுத்தவும் செய்தது. லேவியராகமத்தில் பிறருடைய பாவம் பற்றிய விதிகள் 'பாவம் செய்தால்' எனத் தொடங்க, தலைவனைப் பற்றிய விதி மட்டும் 'பாவம் செய்யும்போது' என்னும் பொருள்படத் தொடங்குகிறது. அதிகாரம் இருக்குமிடத்தில் தவறு நேரும் என்பதை அம்மரபு முன்னரே எதிர்நோக்கியது. தன் தவற்றுக்குத் தானே பலி செலுத்தும் தலைவனைப் பெற்ற தலைமுறை பேறுடையது என்றார் முதல் நூற்றாண்டின் யூத அறிஞர் யோகனான் பென் சக்காய்.

12-ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் வகுத்த நெறி இன்னும் நுட்பமானது. மனிதன் மனிதனுக்கு இழைத்த தீங்கை யோம் கிப்பூர் என்னும் பாவநிவாரண நாளும் போக்காது. இழப்பை ஈடுசெய்து, பாதிக்கப்பட்டவரை நேரில் அணுகி அவர் மனத்தை ஆற்றுதல் வேண்டும். அவர் இணங்காவிடில் மும்முறை செல்லுதல் வேண்டும். அவர் இறந்திருப்பின், பதின்மரை அழைத்துச் சென்று அவர் கல்லறையின் முன் குற்றத்தை உரைத்தல் வேண்டும். இறைவனை வேண்டுவதாலோ பதவியைத் துறப்பதாலோ மட்டும் இக்கடன் தீராது.

இவ்வளவுகோலைச் சுமந்து நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1992 ஜூன் 20 அன்று அரூர் வட்டத்து வாச்சாத்தி மலைவாழ் மக்களின் ஊருக்குள் வனம், காவல், வருவாய்த் துறையினர் சந்தனமரம் தேடுவதாகப் புகுந்தனர். அந்நாளில் தளியும் வாச்சாத்தியும் ஒரே தருமபுரி மாவட்டத்தின் ஊர்கள். 2004-இல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். தீங்குற்றவர்களே கடத்தல்காரர் எனச் சிறையிடப்பட்டனர். வெற்றிவேற்செழியனின் வழி இருபதாம் நூற்றாண்டிலும் மாறவில்லை.

உயர்நீதிமன்ற ஆணையால் 1995-இல் மையப் புலனாய்வுத்துறை விசாரணை தொடங்கியது. குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 54 பேர் அதற்குள் இறந்திருந்தனர். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் வழங்கவும், அதில் பாதியை வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்தே பெறவும் பணித்தது. அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்குமாறு கூறியது. களத்தில் நின்றவரோடு பொறுப்பு முடிவதில்லை, நாற்காலியில் இருந்தவரையும் அது சாரும் என்பதே இதன் உட்பொருள்.

இத்தீர்ப்பு வர 31 ஆண்டுகள் கடந்தன. நீதிமன்றம் தண்டனை வழங்கலாம், ஈட்டுத்தொகையும் பெற்றுத் தரலாம். தவற்றை ஒப்பும் சொல்லை மட்டும் அதனால் பிறர் சார்பில் உரைக்க இயலாது. அச்சொல் தீங்கிழைத்த அதிகாரத்தின் வாயிலிருந்தே, தீங்குற்றவரின் முகத்தை நோக்கியே வருதல் வேண்டும். தமிழில் நாம் மன்னிப்பைக் 'கேட்கிறோம்' என்பது இங்கு எண்ணத்தக்கது. கேட்பது ஆள்வோர் கடன். கொடுப்பதும் மறுப்பதும் தீங்குற்றோர் உரிமை.

கவிஞர்களே, பாண்டியனும் தாவீதும் தாமாகத் திருந்தியவர் அல்லர். ஒருவனுக்குச் சிலம்பேந்திய பெண் தேவைப்பட்டாள். மற்றவனுக்குக் கதை சொல்லும் ஒருவர் தேவைப்பட்டார். வாச்சாத்திப் பெண்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிலம்பேந்தி நின்றனர். நாத்தானின் இடமோ எழுத்தாளருக்கு உரியது. அரசவையில் புகழ் பாடுதல் எளிது. ஆட்டுக்குட்டியின் கதையை அங்கே சொல்லுதல் அரிது. வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பாடல்கள் அவ்வரிய பணியை ஏற்குமாக.